அக்கரைக்கும் சேர்த்துக் காத்திருந்தவர்

வேலூர் மார்க்கெட்டில் நின்றிருந்தபோது நேபாளத்திலிருந்து பிஷ்ணு கூப்பிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். "தயாளன் சார் மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள்" என்று இந்தியில் சொன்னார். பஸ் ஏறிப் பள்ளிகொண்டா போனேன். வீடு பூட்டியிருந்தது.

"தெரியாதா சார்? ஹார்ட்டு, போய்ட்டார். முந்தாநாளே எடுத்துட்டாங்க. ஆம்பூர்லேர்ந்து தம்பி வந்து எல்லாம் பண்ணார்" என்றார் எதிர்வீட்டு அம்மா.

தயாளனோடு முன்பு தமிழ்நாட்டில் வேலை பார்த்த நீங்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு அவர் மாற்றலாகி வந்த பீகார் எல்லைத் துணைமின் நிலையத்தில் தமிழ் பேசியவர்கள் நானும் அவரும்தான். குளிர்காலத்தில் நேபாளத்து ஆறுகள் வற்றும். இங்கிருந்து மின்சாரம் போகும். மழைக்காலத்தில் அங்கே அணைகள் நிரம்பும், அவர்கள் அனுப்புவார்கள். இரண்டு பக்கமும் போனில் பேசி லைனில் மின்சாரத்தைப் போடுவதும் நிறுத்துவதும் தயாளனின் வேலை. "ஒருநாள் கூட நேர்ல பாத்தது இல்ல சார். ஆனா அந்தப் பக்கம் இருமல் சத்தத்தை வெச்சே யார்னு சொல்லிடுவேன்" என்பார்.

ஒரு பிப்ரவரியில், தம்பி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். தம்பி முனுசாமி ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தார். அப்போது தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டு. தயாளன் யூனிட்டுக்குள் நுழைந்ததும் தம்பி எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். "பொம்பளைங்க மிஷின் முன்னாடி சும்மா குந்தினு கீறாங்க. நீ இன்னாண்ணா, அடுத்த நாட்டுக்குக் கரண்ட் அனுப்பினு கீற!"

"மழைக்காலத்துல அவங்க நமக்கு அனுப்பறாங்கடா."

"எனக்கு இன்னிக்கு வேணும்."

கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் ரயில் ஏறிவிட்டார். "அவன் கேட்டதும் நியாயந்தான் சார்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதன்பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

ஓய்வுக்குப்பின் மனைவியும் இறந்துவிட, அவருக்கு மிச்சமிருந்தது காலை பத்து மணிக்கு வரும் பிஷ்ணுவின் போன்தான். வேலூரில் ஒருமுறை பார்த்தபோது, "வீட்டுக்கு வர்றேன்னீங்களே சார்" என்றார். அடுத்த வாரம் என்றேன். போகவில்லை.

பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஆம்பூர் போனேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முனுசாமி என்னை வெளியே அழைத்துவந்தார்.

"அன்னிக்கு நான் ஜாஸ்தி பேசிட்டேன் சார். ஆஸ்பத்திரில என்னை அடையாளமே தெரியல அவருக்கு. பிஷ்ணு எறங்கிட்டானா, எறங்கிட்டானான்னே கேட்டுனு இருந்தார். யார் சார் பிஷ்ணு?"

சொன்னேன். ஒரு மழைக்கால மதியம், அக்கரையில் லைன் பழுது. சரிசெய்தாயிற்று, உடனே லைனைப் போடு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நேபாளத்துப் பக்கமிருந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்ற பதில் மட்டும் வரவில்லை. மேலதிகாரி போனில் திட்டத்திட்ட, "அவங்க வாயால சொல்லட்டும், போடறேன்" என்று முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார் தயாளன். கடைசிவரை மின்கோபுரத்தின் மேலே ஓர் ஆள் இருந்தார். அவர்தான் பிஷ்ணு. அந்த வருடம் தயாளனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

முனுசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பிஷ்ணுவுக்கும் தெரியாது. அன்று பக்கத்து நாற்காலியில் இருந்து, "எதுக்கு சார் வம்பு, போட்டுடுங்க" என்று இரண்டு முறை சொன்னவன் நான். தயாளன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தாமதத்துக்காக நடந்த விசாரணையில் நான் அப்படிச் சொன்னதை அவர் சொல்லவில்லை, பிறகு எங்கேயும் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அது ஒன்றுதான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கிறது.