சத்தம் வராத சுண்டல்

2025 மே ஏழாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பத்தைந்து நிமிடம். சிட்லபாக்கத்தில் எங்கள் ஆலயம் கோடையில் பிள்ளைகளுக்கு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் இடைவேளை மணி அடித்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு காகிதக் கோப்பைகளில் கொண்டைக்கடலைச் சுண்டல் நிரப்பி வைத்திருந்தேன். ஆசிரியர் கூட்டத்தில் நான் அவ்வாண்டு வாய் திறந்தது ஒரே முறை: க்ரீம் பிஸ்கட்டும் பாக்கெட் ஜூஸும் வேண்டாம், சுண்டல் கொடுக்கலாம் என்று. அந்த ஒற்றை வாக்கியத்தின் மானம் அன்று கோப்பைகளில் இருந்தது.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு கடலையை எடுத்தாள். தின்னவில்லை. நேராகப் பாடகர் குழுவின் மைக்கை நோக்கிச் சென்றாள். அதை யாரும் அணைத்திருக்கவில்லை. கடலையை அதனருகே பிடித்துக் கடித்தாள். ஆலயம் முழுவதும் ‘சப்’ என்றொரு ஓசை பரவியது.

"சவுண்டே இல்ல மக்களே. ரிஜெக்ட்!"

கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின. தின்பண்டங்களை மைக்கருகே கடித்துக் காட்டித் தீர்ப்பு வழங்கும் இளைஞர் ஒருவரின் காணொளிகளை இவர்கள் அனைவரும் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மிஸ், சவுண்டு வந்தாதான் ஃப்ரெஷ்ஷாம். அந்த அண்ணா சொல்லிருக்காரு," என்றான் ஒரு பையன்.

"சுண்டல் என்ன பட்டாசாடா, வெடிக்கிறதுக்கு?" என்றார் பள்ளியின் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பிறகு என்னிடம், "நாளைக்கும் இப்படித் திரும்பி வந்துச்சுன்னா பிஸ்கட்தாம்மா. கடையில சொல்லி வெச்சுட்டேன்" என்றார்.

நான் வருந்தியிருக்க வேண்டும். மாறாக, கீபோர்டின் பின்னால் குனிந்து, விழாத பேனாவைத் தேடியபடி, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் வீட்டுச் சமையலறையில் கைபேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கடித்தேன். குறிப்பேட்டில் மதிப்புரையும் எழுதினேன். வெள்ளரிக்காய்: தொடக்கம் நன்று, முடிவு நீர்த்துப்போகிறது. கேரட்: கம்பீரம் உண்டு, தாடை வலிக்கிறது. அப்பளம்: அப்பழுக்கற்ற ஓசை, எண்ணெயில் பொரித்தது என்பதால் போட்டியிலிருந்து நீக்கம்.

"என்னடி, மாடு மாதிரி எல்லாத்தையும் பச்சையா மேயுற?" என்றார் அம்மா.

"ஆராய்ச்சிம்மா."

"அந்த நூல்கோலயாவது விட்டு வை. சாம்பாருக்கு வாங்கினது."

சாம்பாரில் போட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் தட்டோரம் ஒதுக்கும் காய் அது. தோல் சீவி, விரல் கனத்துக்கு நறுக்கி, உப்பைத் தொட்டுக் கடித்தேன். பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "இன்னொரு தடவ போடு" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் நான்கு கிலோ நூல்கோல் கேட்டேன். காய்கறிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாண வூடா? நூல்கோல் போட்டா மாப்ள வூட்டுக்காரன் ஓடிப் பூடுவாம்மா!"

பாதியைப் பொடியாக நறுக்கிச் சுண்டலில் கலந்தேன். மீதியை நீளநீளமாக நறுக்கிக் கோப்பைக்கு இரண்டாகச் செருகினேன். பத்தே முக்காலுக்கு, கல்லூரி வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடத் தலையை மட்டும் அசைக்கும் நான், மைக்கின் முன்னால் போய் நின்றேன். "வணக்கம் மக்களே" என்றேன். கடித்தேன்.

ஓசை பின்சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. நேற்றைய நீதிபதி தன் துண்டைக் காதருகே வைத்துக் கடித்துப் பார்த்து, "வேற லெவல் மிஸ்!" என்று கத்தினாள். பிறகு முப்பத்திரண்டு வாய்களும் ஒருசேர அரைக்கத் தொடங்கின. கடலை எது, காய் எது என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் பொறுமையில்லை. அந்த இரைச்சலில் பொறுப்பாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "பிஸ்கட் வேணாம்ப்பா... வேணாம்னேன்!" என்று கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

மேசைக்குத் திரும்பிய கோப்பை ஒன்றே ஒன்று. அது என்னுடையது, சிரிப்பில் என்னால் மெல்ல முடியவில்லை.