ஒன்பது ஜன்னல் பன்னிரண்டான கதை

வீடு கட்டுகிற தொழிலில் செங்கல்லைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்ல மாட்டார்கள், சிமெண்டைப் பற்றியும் சொல்ல மாட்டார்கள். ஜன்னல் என்று வாயெடுத்தால் மட்டும் தெருவில் போகிறவர்கூட நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். கட்டி முடித்தவர்களுக்கும் பாதியில் நிற்பவர்களுக்கும் இது தெரியும். நான் எழுதுவது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் முறையும் வரும்.

நெய்வேலியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. என் கணவர் மைன்ஸில் ஃபோர்மேன். அவருக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். அந்த வருஷம் அவர் படுத்துத் தூங்கியதைவிட உட்கார்ந்து தூங்கியதுதான் அதிகம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “நன்றாகக் காற்று வருகிற அறையில் படுக்க வையுங்கள், பாதி மருந்து அதுதான்” என்றார். எங்கள் படுக்கையறைக்கு இருந்தது ஒரு ஜன்னல். அதற்கு வெளியே நாங்களே புத்திசாலித்தனமாக இறக்கியிருந்த விறகுக் கொட்டகை.

காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டை முடித்து அவரை அங்கே படுக்க வைக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அவர் ஷிஃப்டுக்குப் போக, நான் குடையும் டிபன் பாக்ஸுமாக பஸ் ஏறினேன்.

எத்தனை வருஷத்துக்கு?

முதல் நாள். சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. கையில் நான் வரைந்த வீட்டுப் படம். அதில் ஒன்பது ஜன்னல். என் கணவர் அறைக்கு மட்டும் அகலமாக ஒன்று. அந்த அறையிலிருந்து கொல்லைக்குத் திறக்கிற மாதிரி ஓர் இரட்டைக் கதவு. கடலூரில் நான் படித்த கான்வென்டில் அப்படிக் கதவுகள் உண்டு. பலகைகளைச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். மூடினாலும் காற்று வரும், வெயிலும் மழையும் வராது.

தோளில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு போன ஒருவர் நின்றார். படத்தை எட்டிப் பார்த்தார். “எத்தினி வருசத்துக்குங்க கட்டறீங்க?” என்றார். கேள்வியே எனக்குப் புரியவில்லை. வீட்டை யாராவது வருஷக் கணக்குக்குக் கட்டுவார்களா? எங்கள் ஆயுசு முழுக்கத்தான் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “எங்க மாமியா வூட்டுல புதுசா ஜன்னலு வெச்சி ஒரு பொங்கலுகூட பாக்கலிங்க, மைன்ஸு வருதுன்னு ஊரே காலி பண்ணிடுச்சி. நீங்க மைன்ஸ்காரங்க, கேட்டு வெச்சிகினுதான் கட்டுவீங்க.”

எட்டு, பத்து, பன்னிரண்டு

சுவர் எழும்பியது. நடுவில் இரண்டு நாள் என்னால் போக முடியவில்லை. இவருக்கு இழுப்பு அதிகம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் இவருடைய அறை ஜன்னல் இருந்த இடத்தில் பச்சைச் சாந்து காயாத செங்கல் சுவர்.

“மேஸ்திரி, இங்கே ஒரு ஜன்னல் இருந்ததே?”

“இருந்திச்சிங்க. எண்ணிப் பாத்தேன், ஒம்போது வந்திச்சி. ஒத்தப்படையில ஜன்னல் வெக்கறதில்லிங்க. அடச்சிட்டேன்.”

“மிச்சம் எட்டு இருக்கே, அதில் ஒன்றை அடைத்திருக்கக் கூடாதா?”

“அதுக்கெல்லாம் நிலை வந்திடுச்சிங்க. இதுக்குத்தான் இன்னும் வரல.”

இந்த ஒரு ஜன்னலுக்காகத்தான் வீடே என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? திறங்கள், கூட ஒன்று வைத்துப் பத்தாக்கிக்கொள்ளுங்கள் என்றேன். பூஜ்யத்தில் முடியக் கூடாதாம். பதினொன்று? அதுவும் ஒற்றைப்படை. கான்வென்டில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள் நான். ஒரு ஜன்னலைக் காப்பாற்ற மூன்று ஜன்னல் கூடுதலாக வாங்க வேண்டும் என்கிற கணக்கை எந்த மதரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மேஸ்திரி கரண்டியைக் கழுவியபடி சமாதானம் சொன்னார்: “பன்னெண்டுன்னா பேஷா வெச்சிடலாம்மா. எட்டுன்னா சீக்கிரம் முடியும். ஐயாவ வேணும்னா தோப்புல கட்டில் போட்டு படுக்க வைங்க, அங்க ஜன்னலே வேணாம்.”

தாமரைக் கதவு

இரட்டைக் கதவுக்கு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஓர் ஆசாரியை அழைத்திருந்தோம். நல்ல கைக்காரர். யாரும் குறை சொல்ல முடியாத வேலை என்று அவரே சொல்வார். கதவு வண்டியில் வந்து இறங்கியது. மேலே இரண்டு பக்கமும் தாமரை செதுக்கியிருந்தார், நான் கேட்காமலே. பலகை பலகையாக அடுக்கு, இழைப்பு வழவழவென்று. வாயெல்லாம் பல்லாகக் கிட்டே போய்ப் பார்த்தேன். பல்லை மூடிக்கொண்டேன். பலகைகளின் சரிவு வெளியே இறங்காமல் உள்ளே இறங்கியது. ஒரு செம்பு தண்ணீரை எடுத்துக் கதவின் வெளிப்பக்கம் ஊற்றிக் காட்டினேன். அத்தனையும் வழிந்து உள்பக்கம் வந்து என் காலை நனைத்தது.

ஆசாரி அசரவில்லை. “வெளிச்சம் மேலேர்ந்துதானேம்மா வருது? பலகை மேல பாத்தாத்தான் உள்ள வெளிச்சம் வரும். மழை வருஷத்துல நாலு நாளு” என்றார். இழுப்புக்காரர் படுக்கிற அறையில் அந்த நாலு நாள் போதும். நான் யோசித்துப் பார்த்தேன். கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டால் சரிவும் மாறிவிடும். கீலையும் தாழ்ப்பாளையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. அதைச் சொன்னதுதான் தாமதம், மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டார். நான் ஏதோ அவர் பெண்ணைத் தலைகீழாக நிறுத்தச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். கடைசியில் மாட்டினார். போகும்போது சொன்னார்: “யார் செஞ்சதுன்னு கேட்டா எம் பேர சொல்லாதீங்கம்மா. தாமரை தண்டு மேல, பூ கீழன்னு நான் எந்தக் கொளத்துல போய் காட்டுவேன்?”

அண்ணியின் வருகை

இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, திருவதிகையிலிருந்து வீடு பார்க்க வந்தார். அறை அறையாக நடந்தார். ஒவ்வொரு ஜன்னல் இடத்திலும் கையை வெளியே விட்டுப் பார்த்தார், திருடன் கை எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று அளக்கிறாராம். சின்ன வயதில் இவருக்கு இழுப்பு வந்தால் எல்லாக் கதவையும் சாத்தி, தலையோடு கம்பளியைப் போர்த்தி, சாம்பிராணி போடுவார்களாம். அந்தப் புகையிலும் பிழைத்து வந்தவரைத்தான் எனக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணி பன்னிரண்டையும் எண்ணி முடித்து வந்து உட்கார்ந்தார்: “ஏம்மா, தம்பி மூச்சு வுடறதுக்கு மூக்குல ரெண்டு ஓட்டைதான் இருக்குது. வூட்டுக்கு எதுக்கு பன்னெண்டு?”

அஞ்சலையின் ஜன்னல்

கூடுதல் மூன்றுக்கும் இவருடைய அறை ஜன்னலுக்கும் நிலை செய்ய ஆசாரி மறுத்துவிட்டார்; தாமரைக் கோபம். வானம் வேறு கறுக்க ஆரம்பித்திருந்தது. பண்ருட்டியில் ஒரு பழைய மரக்கடைக்குப் போனேன். கிராமத்துச் சாமான் என்று காட்டினார்கள். தலைப்பின்னை எடுத்து மரத்தில் குத்திக் குத்திச் செல் அரித்திருக்கிறதா என்று பார்த்தேன். இரும்புக் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். நான்கு ஜன்னல் பொறுக்கினேன். எல்லாம் கேட்டேன், எந்த ஊர்ச் சாமான் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசி ஜன்னல் இவருடைய அறைக்கு. மேஸ்திரியும் இன்னொருவரும் அதைத் தூக்கிச் சுவரில் வைத்துத் தூக்குக்குண்டு பிடித்தார்கள். சாந்துச் சட்டியோடு வந்த சித்தாள் அஞ்சலை சட்டியை இறக்காமலே நின்றாள். பிறகு, “மேஸ்திரி, திருப்பி வெச்சிருக்க. அது வெளிப்பக்கம்” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன், எனக்கே உரிய அதட்டலோடு.

“எங்க வூட்டு ஜன்னலுங்க. நடுக்கம்பி வளஞ்சிருக்குது பாருங்க. எங்க பெரியவன் சின்னதுல தலய வுட்டு மாட்டிகினான். அவுங்க அப்பாதான் கடப்பாறய வுட்டு நெம்புனாரு. ஊரு காலி பண்ணும்போது வித்துட்டாரு.”

கம்பி வளைந்திருந்தது. கடையிலேயே பார்த்திருந்தேன், அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். நீயே எடுத்துக்கொண்டு போ அஞ்சலை என்றேன். மேஸ்திரி, “பதினொண்ணாயிடும்மா” என்றார். ஆனால் ஆகட்டும் என்றேன். அஞ்சலை சிரித்தாள். “கீத்துத் தட்டியில எங்கம்மா மாட்டறது? சாஞ்சிடும்.” பெரியவன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “கான்ட்ராக்ட்ல மைன்ஸ்லதாங்க. எங்க வூடு இருந்த எடத்தத்தான் வெட்டிகினு இருக்கான். ஐயாதான் அவனுக்கு ஃபோர்மேனு” என்றாள். குரலில் குற்றமோ குறையோ இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஜன்னலைத் திருப்பி வைத்தார்கள். அவள்தான் பக்கம் சொன்னாள், உயரம் சொன்னாள், இன்னும் நாலு விரக்கடை இறக்கு என்று மேஸ்திரியை வேலை வாங்கினாள். மேஸ்திரியும் மறுபேச்சில்லாமல் கேட்டார். சுத்தியலை எடுத்துக் கம்பியைத் தட்டி நேராக்கப் போனபோது மட்டும் அவர் கையைப் பிடித்துவிட்டாள். என்னிடம் திரும்பிச் சொன்னாள்: “கம்பிய மட்டும் நிமித்த வேணாம்னு சொல்லுங்கம்மா. இப்ப அவன் தல அதுல பூராதுதான், இருந்தாலும் இருக்கட்டும்.”

புது வீட்டில் முதல் காலை

மழைக்கு இரண்டு நாள் முன்னால் குடிவந்தோம். மறுநாள் கண் விழித்தபோது சுவரெல்லாம் வெயில், தலைகீழ்த் தாமரைக் கதவு வழியாகப் பட்டை பட்டையாக. இத்தனை வருஷமாக என்னை எழுப்பியது கடிகாரம் இல்லை, இவருடைய இழுப்புச் சத்தம். இன்றைக்குச் சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். இவர் மல்லாந்து, தலையணையில் தலை வைத்து, நேராகப் படுத்திருந்தார். அப்படி அவர் படுத்து நான் பார்த்ததில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், போர்வையில் ஒன்றும் தெரியவில்லை. வாயில் வந்த ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். ஒன்றும் தெரியாமல் உள்ளங்கையையே வைத்து அழுத்தினேன். முதல் ஷிஃப்டைத் தவறவிட்ட மைன்ஸ் ஃபோர்மேன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்: “கையை எடு. பன்னிரண்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மூக்கை அடைக்கிறாயே.”

அவர் இப்போது படுத்துத்தான் தூங்குகிறார். விடியற்காலையில் அஞ்சலையின் மகன் சைக்கிளில் வந்து அந்த வளைந்த கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று “ஐயா, ஷிஃப்டு” என்று கூப்பிடும்போது, மூச்சு முட்டுகிற வியாதி மட்டும் எப்படியோ எனக்கு வந்துவிட்டது.