வெதுவெதுத்த சுவர்

பாதி ஆயுளை அடுப்பு வாயில் கழித்த ரொட்டி மாஸ்டருக்குக் கொல்லையில் குடைமிளகாய் காய்க்க வேண்டுமென்று ஓர் ஆசை. ஆசை இருந்து என்ன, விதை முளைத்தால்தானே. ஒவ்வொரு குளிர்காலமும் தட்டில் மண் நிரப்பி ஊன்றுவார். மண் சில்லிட்டு விதை அப்படியே அழுகும். "இது முளைக்கறதுக்குள்ள நமக்குப் பேரன் பொறந்து அவனுக்கே கல்யாணம் ஆயிரும்" என்பாள் மனைவி.

அந்தப் பேரனும் பிறந்துவிட்டான். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பிள்ளைக்குக் குளிரக் கூடாதென்று மாஸ்டரே ஒரு ஹீட்டர் வாங்கி, அவர்கள் அறையின் பழைய பிளக்கில் மாட்டினார். அது இரவும் பகலும் ஓடியது. சில நாளில், அந்தப் பிளக் இருந்த சுவரின் கூடத்துப் பக்கம் கை வைத்தால் இதமாக இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று விதைத்தட்டைச் சுவரோடு ஒட்டி வைத்தார். ஒரே வாரத்தில் அத்தனை விதையும் தலைநீட்டின.

மகள்தான் முதலில் சொன்னாள். "அப்பா, இந்தச் செவுரு சுடுதுப்பா. ஏதோ வாடையும் அடிக்குது."

மாஸ்டர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எங்கம்மா சுடுது? வெதுவெதுன்னு இருக்கு. ஹீட்டர் சூடு. புதுசுல்ல, வாடை வரத்தான் செய்யும்."

"ஹீட்டர் அந்த மூலையில இருக்கே."

"செடி நல்லா வருது. கண்ணு போடாத."

பாவி மனுஷன். வெந்து வெந்து காய்ப்பேறிய கைக்கு எது சூடு, எது வெதுவெதுப்பு?

ஒரு மதியம் வேலை முடிந்து வந்தவர், தண்ணீர் தெளிக்கத் தட்டை இழுத்தார். பின்னால் சுவரின் பெயின்ட் பழுப்பேறியிருந்தது. அந்த நிறம் அவருக்குத் தெரியும். ரொட்டியில் அது வந்துவிட்டால் அடுத்தது கருகல்தான். ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

"பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வா."

"இப்பத்தான் தூங்கினாம்ப்பா."

"வான்னா வாம்மா."

எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்திப் பார்த்தார். உள்ளே ஒயர் உருகி, அதைத் தாங்கிய மரக்கட்டை கரியாகியிருந்தது. கட்டைக்கு அந்தப் பக்கம் குழந்தையின் தலைமாடு. "இன்னிக்கு ராத்திரி தாங்கியிருக்காது சார்" என்றார்.

அந்த வருஷம் குடைமிளகாய் காய்த்துத் தள்ளியது. மாஸ்டர் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. இப்போதும் படுக்கப் போகுமுன் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றையும் சோதிக்கிறார். கையை நம்புவதில்லை. கன்னத்தை வைத்துப் பார்க்கிறார்.