ஆணியில் தொங்கிய என் போட்டோ

எங்கள் வீட்டில் சினிமா எடுக்க வந்தார்கள். தறி போட்ட கூடம் அகலமாக இருக்கிறது என்று பிடித்துப்போய்விட்டதாம். செத்துப்போன அப்பா பேயாக வந்து பிள்ளைகளை ஆட்டிவைக்கிற கதை. குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கலாம் என்றார்கள். என் மகனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பேய்க்கு, முன்னாலேயே செத்துப்போன பெண்டாட்டி ஒருத்தி உண்டு. அவளாக நடிக்க ஆள் வேண்டாம், சுவரில் ஒரு போட்டோ போதும். அதற்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாத்துக்கு சார் அலையணும்? எங்கம்மா போட்டோ இருக்குது" என்றான் மகன்.

"அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றார் டைரக்டர்.

"அது ஒண்ணும் சொல்லாது சார்."

சமையல்கட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லைதான். வேற்று மனிதர் முன்னால் எனக்கு வாய் வராது. படித்த அஞ்சு வகுப்பிலும் வாத்தியார் கேட்டால் விழித்துக்கொண்டு நின்றவள்.

என் வீட்டுக்காரர் போனபிறகு, பேத்திக்குக் காது குத்தியபோது எடுத்த போட்டோ அது. வெறும் நெற்றி. கதையில் அவள் சுமங்கலியாகப் போனவளாம். கண்ணாடிமேல் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு மாட்டினார்கள். எனக்குக் கொடுத்துவைக்காத சாவு என் போட்டோவுக்குக் கிடைத்தது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். மாலை அப்படியே இருந்தது. உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை ஆகுமா? வெட்கத்தை விட்டு மருமகளிடம் சொன்னேன்.

"அந்த மாலையக் கழட்டிடும்மா."

"இருக்கட்டும் அத்தே. படம் ரிலீஸ் ஆனா வர்றவங்களுக்குக் காட்டணும்ல."

வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். "இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம போய்ச் சேந்துட்டியே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

படம் வந்ததும் என்னையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள். பேய் என் போட்டோ எதிரில் நின்று, "நல்லவேளை, நீ முன்னாடியே போயிட்ட. இல்லனா ரெண்டு பேயா அலைஞ்சிருக்கணும்" என்றது. தியேட்டரே சிரித்தது. மகன் கைதட்டி, பக்கத்து சீட்டுக்காரரிடம் "அது எங்கம்மா சார், எங்கம்மா" என்று திரையைக் காட்டினான். அவனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இவனும் காட்டவில்லை.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, போட்டோவை இறக்கினேன். மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். பொட்டைத் துடைக்க ஈரத்துணி எடுத்துவந்தேன். என் வீட்டுக்காரர் போனபோது என் பொட்டை வேறு யார் யாரோ அழித்தார்கள். இதை என் கையால் அழிக்க மனம் வரவில்லை. அப்படியே பழம்புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

வேலையிலிருந்து வந்த மகன் சுவரைப் பார்த்தான்.

"போட்டோ எங்கம்மா?"

"பெட்டியில வெச்சிருக்கேன்பா."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"சரி, பத்திரமா வெச்சிக்கோ. நாளைக்கு ஒண்ணுன்னா அந்நேரத்துல தேடிக்கினு இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனான்.