ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

இந்தக் கேரளத்தில் மே மாத வெயிலிலும் ஹோட்டலில் உட்கார்ந்ததும் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய, ஆவி பறக்கும் சிவப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை ஊதி ஊதிக் குடிக்கும் ஜனங்களுக்குத்தான் குளத்தூரில் நாற்பது வருடமாக ஐஸ் விற்கிறேன். தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்போடு நின்று, மீன் லாரியில் ஏறி வந்தவன். இன்று இரண்டு ஐஸ் பிளாண்டுக்கு முதலாளி. ஊரிலிருக்கும் பட்டதாரிகளே, நீங்கள் என்னத்தைக் கண்டீர்கள்?

என் மகள் ஷீபா இங்கேயே பிறந்தவள். காலில் சிப்பி கிழித்த புண் ஐந்து மாதமாக ஆறவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். புண்ணுக்கு ஓடிவந்து கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளை அணுக்கள் ஓடுகின்றனவா என்று சந்தேகம். அவள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் திருவனந்தபுரத்தில் பெரிய மைக்ராஸ்கோப்பின் கீழே உயிரோடு வைத்து, அணுக்களின் வடிவத்தை ஒப்பிட வேண்டுமாம். நெய்யாற்றின்கரையில் ரத்தம் எடுத்த நர்ஸ், "அண்ணாச்சி, கைச்சூட்டிலே கொண்டு போணும். தணுப்பு ஆகாது, கேட்டியளா?" என்றாள்.

எனக்கா பாடம்? செத்த மீனை மூன்று நாள் புதிதாகக் காட்டுகிறவன் நான். இரண்டு குழாயையும் பொடித்த ஐஸில் புதைத்து, உப்புப் போட்டு அமுக்கினேன். பாலராமபுரம் நெரிசலிலும் ஒரு துளி உருகவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இருந்த காட்டாக்கடை ஊர்க்காரப் பெண் பெட்டியைத் திறந்து தலையில் கைவைத்தாள். "மாமா, இது என்ன, சாளை மீனா? எல்லாம் செத்துப்போச்சு." திரையில் கிழிந்த பைகள் போலச் சில மிதந்தன.

ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, "படிச்சவளுக்கு வேலை தெரியலைம்மா. இன்னொரு தடவை எடுக்கணுமாம்" என்றேன். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தப்பட்ட கையை நீட்டினாள் ஷீபா.

"அப்பா, கள்ளம் பறையாதிங்கோ. ஐஸ் போட்டது நீங்களாக்கும்."

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

மறுமுறை குழாய்களைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். திரையில், உயிரிருந்தும் உருண்டையாக அசையாமல் கிடந்தவை ஷீபாவுடையவை. "காரணம் கெடச்சாச்சு மாமா. இனி டாக்டர் அதுக்கு மருந்து பாப்பாரு" என்றாள் அந்தப் பெண். பக்கத்துக் கட்டத்தில் என் அணு ஒன்று கால் நீட்டி முன்னே போய்க்கொண்டிருந்தது. வால் மட்டும் பழைய இடத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"இதுவும் கெட்டதா?"

"நல்லதாக்கும் மாமா. நடக்குறதுக்கெல்லாம் வால் இப்படித்தான் இழுபடும்."