மாமாவை மனேஜராக்கிய கொப்பி

மாமா வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போவதா இல்லையா என்பதை எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகம் தீர்மானிக்கட்டும் என்று அம்மாவும் அவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். கழகம் அவரை மனேஜராக எடுத்தால் அவர் பூவரசங்குளத்திலேயே இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் அம்மா அழாமல் வழியனுப்ப வேண்டும். தம்பியை ஊரில் பிடித்து வைக்க அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. மாமா கொஞ்சமும் யோசிக்காமல், “ஓம் அக்கா” என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கும், இப்போதும் அப்படித்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் என்ன கதைக்கிறது என்று தெரியும் அல்லவா? முழங்கால் பழுதாகும் வரை மாமாதான் கழகத்துக்கு அதிக கோல் அடித்தவர். ஆனால் பந்தை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

“பக்கத்தில நிண்டவனுக்கே பந்து குடுக்காதவன், பெடியளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறான்?” என்று கடை வாசலில் பெரிதாகக் கத்தியவர் கழகத்தின் நீண்டகாலக் கோல் கீப்பர். அடுத்த வளவில் குடியிருப்பவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுபவர். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

அவர் மனதை மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மாமா ஒரு நீலக் கொப்பியில் எதையோ எழுதி அலுமாரியில் வைப்பார். இவ்வளவு எழுதுகிறவர் கெட்டிக்காரராகத்தானே இருக்க வேண்டும்? நான் அதை வாசித்துப் பார்க்கவில்லை. வாசிப்பு எனக்கு எப்போதும் மெதுவாகத்தான் வரும். பின்னாளில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். மனேஜரைத் தெரிவுசெய்யும் கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. அன்று கொப்பியைச் சட்டைக்குள் ஒளித்து, அங்கே கொண்டுபோய்ப் பெரியப்பாவின் கையில் வைத்தேன்.

“மாமா எவ்வளவு எழுதியிருக்கிறார், பாருங்கோ பெரியப்பா.”

அவர் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். முதல் வரி: அணித் தலைவர் அரை மணித்தியாலத்தில் களைத்துவிடுகிறார். களைப்பை மறைக்கக் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிறார். கூட்டம் சிரித்தது, தலைவர் சிரிக்கவில்லை. அடுத்த வரி: கீப்பர், பந்து இடப்பக்கம் வந்தால் கண்ணை மூடுகிறார்.

கூட்டமே பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தது. நானே மாமாவைக் கெடுத்துவிட்டேன். மாமாவோ மூலைக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா கொப்பியை மூடினார். “பதினைஞ்சு வருசமாக் கண்ணை மூடுறன். என்ர மனுசிக்கும் தெரியாது. இந்தக் கள்ளன் கண்டிருக்கிறான்.”

“அப்ப இவன் வேண்டாம் எண்டுறியளோ?” என்று தலைவர் ஆவலாகக் கேட்டார்.

“விசரே உனக்கு? இவனைத்தான் போடவேணும். நான் முன்மொழியிறன்.”

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாகத் தலைவருடையதும். அம்மாவிடம் சொல்ல நான் வீட்டுக்கு ஓடினேன்.

மாமா மெதுவாகத்தான் வந்தார். கட்டிலுக்குக் கீழிருந்து பயணப் பையை இழுத்து, மடித்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கினார்.

“கொப்பியை என்னட்டைக் கேட்டிட்டு எடுத்திருக்கலாம், பிள்ளை.”

கேட்காமல் எடுத்ததற்குத்தான் கோபம் என்று நினைத்து, இனி அலுமாரியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தப் பை கட்டாருக்கென்று கூட்டத்துக்கு முன்பே கட்டி முடிந்திருந்ததை நான் யோசிக்கவேயில்லை.