தெர்மாமீட்டர் தலையாட்டிய கதை

உலைப் பட்டறையில் அவரை எல்லாரும் 'தெர்மாமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். உலையிலிருந்து தகதகவென்று வெளியே வரும் உலோகத் துண்டின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவதால் கிடைத்த பட்டம் என்று பல வருஷம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார். அடுத்தவர் பேசும்போதெல்லாம் வாய்க்குள் நுழைந்துவிடுகிறார் என்பதால் வைத்த பெயர் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. இப்போது அதைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

அவர் மனைவிக்கு அதே தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கணவர் அழுத்தி அனுப்பும் துண்டுகளை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். "மத்தவன் தப்பையெல்லாம் அவனவன் பொண்டாட்டி வெறுங்கண்ணால பாக்கறா. என் தப்பை மட்டும் என் பொண்டாட்டி ஐந்நூறு மடங்கு பெருசாக்கிப் பாக்கறா" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல்.

விமான எஞ்சினுக்குள் சுழலும் நிக்கல் கலவைத் தட்டுகளைச் செய்யும் வேலை அவர்களுக்கு வந்தது. எஃகிலேயே காலம் தள்ளிய மனிதருக்கு நிக்கல் மசியவில்லை. துண்டை அழுத்தும் பிரஸ் இறங்கினால் விளிம்பெல்லாம் வெடித்தது. யாரையும் கேட்காமல் உலையின் சூட்டை ஏற்றினார். அடுத்த துண்டு வெண்ணெய் மாதிரி அமுங்கியது. அன்று மத்தியானம் கேன்டீனில் அவர் பேச்சைக் கேட்காமல் ஒருவரும் சாப்பிட்டு எழ முடியவில்லை.

மறுநாள் மனைவி போன் செய்தார். "கொஞ்சம் மேல வர்றீங்களா?"

"என்ன, பாராட்டா?"

"வாங்களேன்."

மைக்ராஸ்கோப் திரையில் உலோகத்தின் படிக மணிகள் பூதாகரமாக வீங்கிக் கிடந்தன.

"இதுக்குள்ள பொடிப்பொடியா துகள் இருக்குங்க" என்றார் மனைவி. "அளவான சூடுன்னா அதுல கொஞ்சம் கரையாம நிக்கும். மணிங்க ஒண்ணை ஒண்ணு விழுங்கி வளராம அதுதான் தடுக்குது. நீங்க மொத்தத்தையும் கரைச்சுட்டீங்க. இப்படி மணி பெருத்துப்போன தட்டு எஞ்சின்ல ஓட ஓட விரிசல் விட்டுடும்."

"சூட்டைக் குறைச்சா வெடிக்குதே?"

"அதுதான் எனக்கும் புரியல. நாளைக்குக் கீழ வந்து பாக்கறேன்."

மறுநாள் மனைவி தலைக்கவசத்தோடு வந்து ஓரமாக நின்றார். முன்பிருந்த குறைந்த சூட்டிலேயே துண்டு வெளியே வந்தது. இடுக்கி வண்டி அதைக் கவ்விக்கொண்டு பிரஸ்ஸுக்கு முன்னால் வந்ததும் தெர்மாமீட்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். கழுத்தைச் சாய்த்தார். ஒற்றைக் கண்ணை மூடி நிறம் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிரஸ் இறங்கியது, விளிம்பு வெடித்தது.

"அடுத்ததுக்குத் தலையாட்டாதீங்க" என்றார் மனைவி.

"என்னது?"

"வெளிய வந்ததுமே மேல்பக்கம் ஆறுது. ஆற ஆற, கரைஞ்ச துகள் புதுசா முளைச்சு உலோகம் விறைச்சுக்குது. நீங்க பார்வையிடற நேரம் அதுக்குத் தாராளம்."

வண்டி ஓட்டுபவர் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை மென்றார். "எனக்கும் தோணுச்சுண்ணே. நீங்க அவ்வளவு உருக்கமா நின்னீங்களா, கலைக்க மனசு வரல."

இத்தனை நாள் துண்டுகள் தம்முடைய ஒப்புதலுக்காகக் காத்திருந்ததாக நினைத்திருந்தார். அவை கடுப்பில் விறைத்துக்கொண்டிருந்தன என்று இப்போது தெரிந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்: "அப்போ நான் தலையாட்டித்தான் எல்லாத்தையும் கெடுத்தேனா?"

"நிக்கலை மட்டும்தான். வீட்டுல ஆட்டுங்க, நல்லதுதான்."

ரோஷம் வந்தது. அந்த ரோஷத்தில்தான் ஒரு நல்ல காரியமும் செய்தார். உலைக்கதவு ஓட்டையை அடைக்க வைத்திருந்த வெப்பம் தாங்கும் பஞ்சு விரிப்பில் துண்டைச் சுற்றி அனுப்பச் சொன்னார். பிரஸ்ஸின் அச்சையும் முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கினார். கை தன்னால் எழுந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டி வரும் வழியை விட்டுத் தள்ளி நின்றார். துண்டு நிற்காமல் போனது. வெடிப்பே இல்லை.

வெட்டிப் பார்த்த அன்று மனைவி அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். "இந்த தடவை நீங்களே பாருங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அருமை. கறுப்பு கறுப்பா, வரிசையா நிக்குது."

"அது உங்க இமை முடிங்க" என்று சொல்லி மனைவி திருகைத் திருப்பினார். நெருக்கமான சின்னச் சின்ன மணிகளும், அவற்றின் இடுக்குகளில் கரையாமல் நின்ற துகள்களின் வெள்ளைப் பொட்டுகளும் மெல்லத் துலங்கின. தெர்மாமீட்டர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று மனைவி தோளைத் தொட்டுப் பார்த்தார்.